சில ஆயிரம் நார்மன்கள் இங்கிலாந்தை எப்படிப் பிடித்து வைத்திருந்தார்கள்?

பிரான்சின் வடக்கே இருக்கும் நார்மண்டியிலிருந்து 1066இல் இங்கிலாந்தில் வந்து இறங்கிய நார்மன்கள் சில ஆயிரம் பேர்தான். உள்ளூர் மொழி தெரியாது. உள்ளூர்க்காரர்கள் அவர்களை விரும்பவும் இல்லை. அப்படியிருக்க, 15 முதல் 20 லட்சம் பேர் வாழ்ந்ததாக மதிப்பிடப்படும் ஒரு நாட்டை அவர்களும் அவர்களுடைய வாரிசுகளும் எப்படிக் கைவிட்டுப் போகாமல் ஆண்டார்கள்? அந்த அரசர்களுக்கு உண்மையில் எவ்வளவு அதிகாரம் இருந்தது? இதுதான் கேள்வி.

கோட்டையும் குதிரைப்படையும்தான் காரணம் என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. மற்ற பாதியைப் பற்றி அதிகம் பேசுவதில்லை என்பதால் அதையே இங்கே விரிவாக எழுதுகிறேன். நார்மன்களின் தலைவர் வில்லியம் புதிதாக ஓர் அரசாங்கத்தைக் கட்டவில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஒன்றைக் கைப்பற்றினார். அதை உடைக்காமல் வைத்துக்கொண்டு, ஒரு விஷயத்தை மட்டும் அடியோடு மாற்றினார்: நிலம் யாருடையது என்பதை. அடுத்த 150 ஆண்டுகளுக்கு அந்நாட்டு அரசியலில் நடந்த பெரும் சண்டைகள் எல்லாம் இந்த இரண்டிலிருந்து கிளைத்தவை என்பது என் கருத்து.

முதலில் வன்முறையைச் சொல்லிவிடுகிறேன், அதை மறைத்துப் பேசக்கூடாது. 1066 அக்டோபர் 14 ஹேஸ்டிங்ஸ் போரில் ஆங்கிலேய அரசர் ஹேரால்ட் இறந்ததோடு எல்லாம் முடிந்துவிடவில்லை. அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் வில்லியம் முடிசூடியபோது, உள்ளே இருந்தவர்கள் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் வாழ்த்தொலி எழுப்பினார்கள். வெளியே காவலுக்கு நின்ற நார்மன் வீரர்கள் அதைக் கலவரம் என்று எண்ணி அக்கம்பக்கத்து வீடுகளுக்குத் தீ வைத்தார்கள். வந்தவர்கள் எவ்வளவு பயத்தோடு இருந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதும். அப்புறம் 1068இல் எக்ஸெட்டர், 1069இல் யார்க், 1071இல் ஈலி என்று வரிசையாகக் கிளர்ச்சிகள். ஊருக்கு நடுவே மண்மேடு கட்டி அதன்மேல் மரக் கோபுரம் எழுப்புவது நார்மன்களின் பழக்கம். கட்டுவதற்கு உள்ளூர் மக்களின் உழைப்பு, இடத்துக்கு உள்ளூர் மக்களின் வீடுகள். லிங்கன் நகரில் கோட்டைக்காக மட்டும் 166 வீட்டுமனைகள் அழிந்ததாக அரசாங்கக் கணக்கிலேயே பதிவாகியிருக்கிறது.

1069-70 குளிர்காலத்தில் வடக்கில் நடந்தது இன்னும் கொடுமை. யார்க்ஷயர் பகுதியில் தானியத்தையும் கால்நடைகளையும் உழவுக்கருவிகளையும் எரிக்கச் சொன்னார் வில்லியம். மக்கள் பட்டினியில் செத்தார்கள். பதினாறு ஆண்டு கழித்து எடுத்த கணக்கிலும் அங்கே பல ஊர்களுக்கு எதிரே 'பாழ்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆங்கிலேயத் தாய்க்கும் பிரெஞ்சுத் தந்தைக்கும் பிறந்த ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி, வேறு பல இடங்களில் வில்லியமைப் புகழ்ந்து எழுதியவர். இந்த ஒரு செயலை மட்டும் தன்னால் புகழ முடியாது என்று வெளிப்படையாக எழுதிவைத்தார்.

சரி, பயமுறுத்தி ஒரு நாட்டைப் பிடிக்கலாம். பயத்தை வைத்து வரி வசூலிக்கவும் வழக்கு விசாரிக்கவும் முடியுமா? இங்கேதான் பழைய ஆங்கில அரசாங்கம் கைகொடுத்தது.

1066க்கு முந்தைய இங்கிலாந்து, அன்றைய மேற்கு ஐரோப்பாவில் மிக நேர்த்தியாக நிர்வகிக்கப்பட்ட நாடுகளில் ஒன்று. நாடு 'ஷயர்' எனப்படும் மாவட்டங்களாகவும், ஒவ்வொரு ஷயரும் 'ஹண்ட்ரட்' எனப்படும் சிறு வட்டாரங்களாகவும் பிரிந்திருந்தது. ஒவ்வொரு ஷயருக்கும் அரசரின் ஆளாக ஒரு ஷெரீஃப் இருந்தார், ஒரு நீதிமன்றமும் கூடியது. நிலத்தின் மதிப்பை வைத்துக் 'கெல்ட்' என்ற வரி போட்டார்கள். நாடெங்கும் ஒரே எடையில், அரசரின் தலை பொறித்த வெள்ளிப் பென்னி புழங்கியது. அதை அடிப்பதற்கான அச்சுகள் அரசரின் கட்டுப்பாட்டில் இருந்தன. நார்மண்டியில் கோமகனாக இருந்த வில்லியமுக்கு இப்படி ஒரு வரி வசூல் அமைப்பு இருந்ததே இல்லை. கையில் கிடைத்ததன் அருமை அவருக்குத் தெரிந்திருந்தது.

அவர் லண்டன் நகரத்துக்குக் கொடுத்த சாசனத்தைப் பாருங்கள். 1067ஐச் சேர்ந்தது, இன்றும் லண்டனில் பத்திரமாக இருக்கிறது. அரை அடி நீளமுள்ள ஒரு தோல் துண்டு, சில வரிகள், அவ்வளவுதான். எழுதியிருப்பது நார்மன்களின் பிரெஞ்சில் அல்ல, பழைய ஆங்கிலத்தில். எட்வர்ட் அரசர் (ஹேரால்டுக்கு முன் ஆண்டவர்) காலத்தில் உங்களுக்கு இருந்த சட்டங்கள் எல்லாம் தொடரும், தந்தைக்குப் பின் பிள்ளையே வாரிசு, உங்களுக்கு எவரும் தீங்கு செய்ய விடமாட்டேன் என்கிறது. ஊரைச் சுற்றிக் கோட்டை கட்டிக்கொண்டிருந்த அதே ஆள், அந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான வடிவத்தில், பழக்கமான மொழியில் பேசுகிறார். 1070 வாக்கில் இத்தகைய ஆணைகள் லத்தீனுக்கு மாறிவிட்டன. வடிவம் மட்டும் மாறவில்லை: சின்னக் கடிதம், அரசரின் முத்திரை, ஷயர் நீதிமன்றத்தில் உரக்க வாசிப்பு.

இனி நிலத்துக்கு வருவோம். வில்லியம் தன்னை வெற்றிகொண்டவன் என்று சட்டத்தில் சொல்லிக்கொள்ளவே இல்லை. எட்வர்டின் முறையான வாரிசு தான்தான் என்றார். அப்படியானால் நடுவில் ஒன்பது மாதம் ஆண்ட ஹேரால்ட் அரசரே இல்லை என்றாகிறது. அரசாங்கப் பதிவுகளும் அவரைப் பெரும்பாலும் 'பிரபு ஹேரால்ட்' என்றுதான் குறிக்கின்றன. அவரோடு நின்று போரிட்டவர்கள் துரோகிகள், துரோகியின் நிலம் அரசருக்குச் சேரும். இந்த ஒரு வாதத்தைக் கொண்டு ஒரு முழு ஆளும் வர்க்கத்தின் சொத்தும் கைமாறியது. 1086க்குள் நாட்டு நிலத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக அரசரிடமும் அவர் குடும்பத்திடமும், கால்பங்கு அளவு தேவாலயத்திடமும், பாதியளவு 190 பெரும் பிரபுக்களிடமும் இருந்தது. அரசரிடமிருந்து நேரடியாகப் பெரிய அளவில் நிலம் பெற்றிருந்த ஆங்கிலேயர்கள் இரண்டே பேர்: ஆர்டனைச் சேர்ந்த தர்க்கில், லிங்கனைச் சேர்ந்த கோல்ஸ்வெய்ன்.

நிலம் என்றால் பெண்களும் அதில் அகப்பட்டுக்கொள்வார்கள். இறந்த ஆங்கிலேயப் பிரபுக்களின் விதவைகளையும் மகள்களையும் மணப்பது நிலத்துக்கு உரிமை கோர ஒரு வழி. அதற்குப் பயந்து பல பெண்கள் கன்னிமாடங்களில் போய் ஒளிந்தார்கள். பின்னாளில் அவர்கள் துறவிகளா இல்லையா என்ற கேள்வி பேராயர் லான்ஃபிராங்கிடம் வந்தது. கடவுள் பக்தியால் அல்ல, பிரெஞ்சுக்காரர்களுக்குப் பயந்து வந்தவர்கள் வெளியேறலாம் என்று அவர் கடிதத்தில் தீர்ப்புச் சொன்னார். படையெடுப்பை வீடுகளுக்குள்ளிருந்து காட்டும் சான்றுகள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

இவ்வளவு நிலம் இவ்வளவு வேகமாகக் கைமாறினால் தகராறு வராமல் இருக்குமா? யார் எதை முறையாகப் பெற்றார், யார் பக்கத்துக்காரரின் வயலை வளைத்துப் போட்டார் என்றே தெரியாத நிலை. 1085இல் டென்மார்க்கிலிருந்து படையெடுப்பு வரும் என்ற பயமும் சேர்ந்துகொண்டது. கூலிப்படையைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும், அதற்குப் பணம் வேண்டும். அந்தக் கிறிஸ்துமஸில் குளோஸ்டரில் கூடி ஆலோசித்து, நாடு முழுவதையும் கணக்கெடுக்க உத்தரவிட்டார் வில்லியம். அதன் விளைவுதான் பிறகு டோம்ஸ்டே புத்தகம் என்று பெயர் பெற்றது. எட்வர்ட் காலத்தில் இது யாரிடம் இருந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது, எத்தனை ஏர், எத்தனை குடியானவர்கள், எத்தனை அடிமைகள், எத்தனை ஆலைகள், அன்று மதிப்பு என்ன, இன்று என்ன, இதைவிட அதிகம் கறக்க முடியுமா? ஷயர் நீதிமன்றங்களில் ஆட்களைச் சத்தியம் செய்யவைத்துக் கேட்டார்கள். கேம்பிரிட்ஜ்ஷயரில் அப்படிச் சொன்னவர்களின் பெயர்கள் கிடைத்துள்ளன. பாதிப் பேர் ஆங்கிலேயர், பாதிப் பேர் பிரெஞ்சுக்காரர். ஏறத்தாழ ஓராண்டுக்குள் 13,000க்கும் மேற்பட்ட ஊர்களின் விவரம் வந்து சேர்ந்தது. ஒரு மாடு, ஒரு பன்றிகூட விடுபடவில்லை, இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது என்று அக்காலத்து ஆங்கிலேய வரலாற்றுக் குறிப்பு எழுதியவர் குமுறியிருக்கிறார்.

அந்த வறண்ட கணக்குக்குள் ஓரிடத்தில் ஒரு மனிதரின் குரல் கேட்கிறது. பக்கிங்காம்ஷயரில் மார்ஷ் கிப்பன் என்ற ஊர். எட்வர்ட் காலத்தில் அது ஏல்ரிக் என்பவருக்குச் சொந்தம். இப்போது அதே நிலத்தை அதே ஏல்ரிக், வில்லியம் என்ற நார்மன் பிரபுவிடம் குத்தகைக்கு எடுத்து உழுகிறார். அந்தக் கணக்கை எழுதியவர் கூடவே இரண்டு சொற்கள் சேர்த்தார்: பெரும் பாரத்தோடும் அவலத்தோடும். சொந்த நிலத்திலேயே குத்தகைக்காரரானவர்கள் நாடெங்கும் பலர் இருந்தார்கள், இவருடைய வேதனை மட்டும் எப்படியோ ஏட்டில் ஏறிவிட்டது.

டோம்ஸ்டேயைப் பொதுவாக வரிக் கணக்கு என்பார்கள். அதைவிடப் பெரிய வேலையையும் அது செய்தது என்று நினைக்கிறேன். இருபது ஆண்டாக அடித்துப் பிடுங்கியதெல்லாம் அன்று முதல் அரசர் கொடுத்ததாக ஏட்டில் ஏறியது. பிரபுக்களுக்கு அது பத்திரப்பதிவு மாதிரி. அரசருக்கோ யார் இறந்தால் எவ்வளவு நிலம் திரும்ப வரும், யாரிடம் எவ்வளவு கேட்கலாம் என்று காட்டும் ஏடு. 1086 ஆகஸ்ட் 1 அன்று சாலிஸ்பரியில் நாட்டின் முக்கிய நிலக்காரர்கள் எல்லாம், வேறு யாருக்குக் கீழே இருந்தாலும், நேராக அரசருக்கே விசுவாசம் தெரிவித்துச் சத்தியம் செய்தார்கள்.

சாதாரண மக்களைப் பொறுத்தவரை மாற்றம் இரண்டு பக்கமும் இழுத்தது. டோம்ஸ்டேயில் பதிவானவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவர் அடிமை. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் அந்த அடிமைமுறை பெரும்பாலும் மறைந்தது. தேவாலயத்தின் எதிர்ப்பு ஒரு காரணம். பிரிஸ்டலிலிருந்து அயர்லாந்துக்கு ஆட்களை விற்ற வணிகத்தை எதிர்த்து உஸ்டர் ஆயர் உல்ஃப்ஸ்டன் விடாமல் போதித்தார். இன்னொரு காரணம், சோறு போட்டு வைத்திருப்பதைவிடத் துண்டு நிலம் கொடுத்து உழைப்பை வாங்குவது பிரபுக்களுக்கு லாபம். அதே காலத்தில் முன்பு சுதந்திரமாக இருந்த குடியானவர்கள் பலர் பிரபுவின் நிலத்தோடு கட்டப்பட்ட பண்ணையாட்களாக இறங்கிப்போனார்கள். ஒரு நார்மன் கொல்லப்பட்டு, கொன்றவர் பிடிபடவில்லை என்றால் அந்த வட்டாரம் முழுக்க அபராதம் கட்டவேண்டும். இந்த விதி 1340 வரை சட்டத்தில் இருந்தது. அரசரின் வேட்டைக்காடுகளுக்குத் தனிச் சட்டம். மானைக் கொன்றவரின் கண்ணைப் பறிக்கும் அளவுக்கு அது கடுமையானது.

இவ்வளவு பெரிய அமைப்பின் பலவீனம் எங்கே என்றால், அதன் உச்சியில். அரசர் இறந்தால் அடுத்தவர் யார் என்பதற்கு நிலையான விதி இல்லை. அரசரின் பெயரால் நடந்த அமைதி அவரோடு செத்துவிடும். 1087 செப்டம்பரில் வில்லியம் இறந்தபோது பிரபுக்கள் அவரவர் சொத்தைக் காக்க ஓடினார்கள், வேலையாட்கள் அறையிலிருந்த பொருட்களை அள்ளிக்கொண்டு போனார்கள். நார்மண்டியின் கான் நகரில் அடக்கம் நடந்துகொண்டிருந்தபோது அசெலின் என்பவர் எழுந்து, இந்த இடம் என் தந்தையுடையது, இந்த ஆள்தான் பிடுங்கிக்கொண்டார் என்று தடுத்தார். விசாரித்தார்கள், சொன்னது உண்மை. குழிக்கு 60 ஷில்லிங் கொடுத்த பிறகுதான் அடக்கம் தொடர்ந்தது.

1100 ஆகஸ்ட் 2 அன்று அடுத்த அரசரான அவருடைய மகன் ரூஃபஸ் வேட்டைக்காட்டில் அம்பு பட்டு இறந்தார். அண்ணன் ராபர்ட் சிலுவைப்போரிலிருந்து இன்னும் திரும்பவில்லை. தம்பி ஹென்றி துக்கத்துக்கு நிற்கவில்லை. கருவூலம் இருந்த வின்செஸ்டருக்குக் குதிரையை விரட்டினார். மூத்தவருக்குத்தான் உரிமை என்று ஒரு பிரபு தடுத்தபோது வாளை உருவினார் என்கிறார் ஆர்டெரிக். ஆகஸ்ட் 5 அன்று முடிசூடிவிட்டார். மூன்றே நாள்! ஆனால் உரிமை பலவீனமாக இருந்தால் விலை கொடுக்கவேண்டும். முடிசூட்டு நாளில் அவர் ஒரு சாசனம் வெளியிட்டார்: வாரிசுகளிடம் நியாயமான தொகைதான் வாங்குவேன், விதவையை அவள் சம்மதம் இல்லாமல் மணமுடித்து வைக்கமாட்டேன், அண்ணன் ரூஃபஸ் செய்த கெட்ட வழக்கங்களை எல்லாம் ஒழிப்பேன் என்று. அதே ஆண்டு பழைய ஆங்கில அரச குலத்தின் பெண்வழி வந்த மாடில்டாவை மணந்தார்.

வாக்கை அவர் காப்பாற்றினாரா என்று பார்க்க நம்மிடம் ஓர் ஆவணம் இருக்கிறது. ஹென்றி காலத்தில்தான் 'எக்ஸ்செக்கர்' என்ற கணக்குத் தணிக்கை நிலைபெற்றது. பத்தடி நீளம், ஐந்தடி அகலமுள்ள மேசை, மேலே கட்டம் போட்ட கறுப்புத் துணி, கட்டங்களில் காசுகளை நகர்த்திக் கணக்கு. ஒரு பக்கம் அரசரின் அதிகாரிகள், எதிர்ப்பக்கம் ஷெரீஃப். எழுத்தறியாத ஷெரீஃபும் தன் கண்ணால் கணக்கைப் பார்க்கலாம். கட்டிய பணத்துக்கு வெட்டுப்போட்ட குச்சி ரசீது: ஆயிரம் பவுண்டுக்கு உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல் அகலம். குச்சியை நீளவாக்கில் பிளந்து ஆளுக்குப் பாதி. இந்தக் கணக்குச் சுருள்களில் எஞ்சியவற்றுள் மிகப் பழையது 1130ஆம் ஆண்டுடையது. அதில் செஸ்டர் சீமாட்டி லூசியின் பெயருக்கு நேரே ஒரு பாக்கி எழுதியிருக்கிறது: ஐந்து ஆண்டுக்குத் தன்னை மறுமணம் செய்யக் கட்டாயப்படுத்தாமல் இருக்க 500 மார்க். ஒரு மார்க் என்பது பவுண்டில் மூன்றில் இரண்டு பங்கு. விதவையின் சம்மதம் பற்றி 1100இல் கொடுத்த வாக்கு முப்பது ஆண்டில் விலைப்பொருளாகிவிட்டது.

அன்றைய அரசியலின் உயிர்நாடி இதுதான். நிலம் அரசர் கொடுத்தது, ஆகவே வாரிசுரிமை, திருமணம், சிறுவரின் காப்பாளர் பதவி எல்லாவற்றுக்கும் அரசரின் தயவு வேண்டும். தயவுக்கு விலை உண்டு, அந்த விலை ஆளுக்கு ஆள் மாறும். அரசருக்கு வேண்டியவருக்குத் தள்ளுபடி, பிடிக்காதவருக்குச் சுமை. இவ்வளவு அதிகாரம் ஒருவர் கையில் இருந்ததால்தான் அந்த ஒருவர் யார் என்பதற்காக நாடே அடித்துக்கொண்டது.

1120 நவம்பரில் பார்ஃப்ளூர் துறைமுகத்தை விட்டுக் கிளம்பிய வெள்ளைக் கப்பல் பாறையில் மோதி மூழ்கியது. ஹென்றியின் ஒரே முறையான மகன் வில்லியம் அதில் போய்விட்டார். மகள் மாடில்டாவை (மனைவியின் பெயர்தான் மகளுக்கும்) ஏற்போம் என்று பிரபுக்களைச் சத்தியம் செய்யவைத்தார் ஹென்றி. 1135 டிசம்பர் 1 அன்று அவர் இறந்ததும், அதே சத்தியத்தைச் செய்திருந்த, ஹென்றியின் சகோதரி மகன் ஸ்டீபன் கடலைத் தாண்டி வந்து, டிசம்பர் 22 அன்று தானே முடிசூடிக்கொண்டார். பிறகு நடந்த உள்நாட்டுப் போரில் 1141இல் ஸ்டீபன் லிங்கனில் சிறைப்பட்டார். மாடில்டா லண்டன் வரை வந்தும், முடிசூடும் முன்பே நகரத்தாரால் விரட்டப்பட்டார். இரண்டு அரசாங்கம் என்றால் ஒரு அரசாங்கமும் இல்லை என்றுதான் பொருள். சில பிரபுக்கள் சொந்தமாகக் காசு அடித்தார்கள். அனுமதியில்லாத கோட்டைகள் முளைத்தன, சுற்று வட்டார விவசாயிகளைப் பிடித்துச் சித்திரவதை செய்து பணம் பறித்தார்கள். கிறிஸ்துவும் அவருடைய புனிதர்களும் உறங்கிவிட்டார்கள் என்று மக்கள் சொன்னதாகப் பீட்டர்பரோ மடத்துத் துறவி எழுதியிருக்கிறார். நாடு முழுக்க எல்லா ஆண்டும் அப்படி இல்லை. ஆனாலும் மக்கள் கடுமையான அரசரை ஏன் பொறுத்துக்கொண்டார்கள் என்பது இந்த வரியைப் படித்தால் புரிகிறது.

ஸ்டீபனோடு செய்த 1153 உடன்படிக்கைப்படி மாடில்டாவின் மகன் இரண்டாம் ஹென்றி அடுத்த ஆண்டு அரசரானார். அவர் செய்தவற்றில் பேராயர் தாமஸ் பெக்கெட்டுடன் நடந்த சண்டைதான் பிரபலம். என்னைக் கேட்டால் அதைவிட முக்கியமானது ஒரு சின்ன வழக்குமுறை. உங்களை யாராவது தீர்ப்பு ஏதும் இல்லாமல் நிலத்தைவிட்டு அண்மையில் துரத்திவிட்டாரா? சில ஷில்லிங்குகளுக்குள் ஓர் அரச ஆணை வாங்கலாம். ஷெரீஃப் பன்னிரண்டு உள்ளூர்க்காரர்களைக் கூட்டி, நிலத்தைப் பார்க்கவைத்து, அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் கேட்பார். முன்பு அரசரின் தயவாக இருந்தது, விண்ணப்பித்தால் கிடைக்கும் வழக்கமான சேவையானது. பண்ணையாட்களுக்கு இந்த வழி திறக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். அது சுதந்திரமானவர்களுக்கு மட்டுமே.

பெரும் பிரபுக்களுக்கும் அரசருக்கும் இடையே மட்டும் பழைய பேரம் தொடர்ந்தது. 1204இல் நார்மண்டியை இழந்த அரசர் ஜான் (இரண்டாம் ஹென்றியின் மகன்), அதை மீட்கப் பணம் தேடி அந்தப் பேரத்தை எல்லை மீறிக் கொண்டுபோனார். நிக்கோலஸ் டி ஸ்டட்வில் என்பவர் குடும்ப நிலத்தைப் பெற 1205இல் கேட்கப்பட்ட தொகை 10,000 மார்க். 1215 ஜூனில் ரன்னிமீடில் பிரபுக்கள் ஜானை ஒப்புக்கொள்ள வைத்த மேக்னா கார்ட்டா என்ற சாசனம் இந்தத் தொகையை 100 பவுண்டு என்று வரையறுத்தது. விதவையை மறுமணத்துக்குக் கட்டாயப்படுத்தக்கூடாது என்றது. முன்மாதிரியாக அவர்கள் எடுத்து வந்தது 1100இல் முதலாம் ஹென்றி கொடுத்த அதே சாசனத்தை.

மேக்னா கார்ட்டாவின் 18ஆம் பிரிவை அதிகம் பேர் கவனிப்பதில்லை. ஆயுதம் ஏந்தி வந்த பிரபுக்கள் அரசரின் நீதிபதிகளே எங்கள் பக்கம் வரக்கூடாது என்று கேட்கவில்லை. நில வழக்குகளை விசாரிக்க ஒவ்வொரு ஷயருக்கும் ஆண்டுக்கு நான்கு முறை இரண்டு நீதிபதிகளை அனுப்புங்கள் என்று கேட்டார்கள். அவர்களுக்கு வேண்டாதது அரசரின் மனம்போன போக்கு. அவருடைய நீதிமன்றம் அவர்களுக்கே தேவைப்பட்டது.

ஆகஸ்டில் போப் சாசனத்தைச் செல்லாததாக்கினார், மறுபடி போர் வந்தது, 1216இல் ஜான் இறந்தார். ஒன்பது வயது மூன்றாம் ஹென்றியின் பெயரால் ஆண்டவர்கள் அதைத் திருத்தித் தாங்களாகவே மீண்டும் வெளியிட்டார்கள். 1225இல் மறுபடி வெளியிட்டபோது, பதிலுக்கு நாட்டினர் தங்கள் அசையும் சொத்தில் பதினைந்தில் ஒரு பங்கை அரசருக்கு வரியாகக் கொடுக்கச் சம்மதித்தார்கள். அந்த வரியையும் வசூலித்து எக்ஸ்செக்கரில் கணக்குக் காட்டினார்கள்.